எங்கள் கமெண்ட் டாக்டர்

என் கல்யாண வீடியோவில் ஒரு இடம் வரும். மேடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, கேமராவைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, பந்தியில் இடம் கிடைக்குமா என்ற கவலையோடு இறங்கிப் போய்க்கொண்டிருப்பார்கள். டாக்டர் மட்டும் இறங்க மாட்டார். மைக் இருக்கிறதா என்று வீடியோக்காரரிடம் கேட்பார். இல்லை என்று அவர் தலையாட்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகவே ஆரம்பிப்பார்.

"மணமக்கள் இருவரும் மனம்போலச் சிரித்து வாழ வேண்டும். சிரிப்புக்கு அடிப்படை ஆரோக்கியமான ஈறு."

அதற்கப்புறம் தன் பெயர். பெயருக்குப் பின்னால் படித்த பட்டம். அப்புறம், "பல் மருத்துவர், காரைக்குடி. காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை. ஞாயிறு விடுமுறை." அவருக்குப் பின்னால் எங்கள் ஊர் கல்லல் ஜனம் பாதி வரிசையில் நிற்கும். என் வீட்டுக்காரர் மாலையோடு திருதிருவென்று விழிப்பார். எங்கள் வீட்டில் அந்த வீடியோவைப் போடும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை பார்ப்போம்.

அவர் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. போதுமான இடங்களில் அவரே எழுதிவிட்டார்.

நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தது பி.காம் முடித்த வருஷம். செக்காலைப் பக்கம் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் கிளினிக். வரவேற்பில் உட்கார ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். போனேன். சந்தன நிறத்தில் மடிப்புக் கலையாத சட்டை, கிராம்புத் தைல வாசனை, நாற்பதை நெருங்கும் வயது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தமிழ் டைப்பிங் வருமாம்மா?"

"வரும் சார். ஆனா பல்லைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

"பல்லு கெடக்கட்டும். அதை நான் பாத்துக்கிறேன். வேகமா அடிப்பியா?"

வேகமாக அடிப்பேன் என்றேன். அன்றைக்கே சேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டார். மேஜையில் புத்தம் புதுக் கம்ப்யூட்டர் இருந்தது. உள்ளே பல் பார்க்கிற நாற்காலியில் பிளாஸ்டிக் உறைகூட முழுசாகப் பிரிக்காமல் இருந்தது. வரவேற்பில் ஒரே ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேஷண்ட் என்று நினைத்து, "எங்குட்டு வலிக்குது ஐயா?" என்று கேட்டேன். அவர் டாக்டரின் மாமனார். கிளினிக்கில் கூட்டம் இருப்பதுபோலத் தெரியட்டும் என்று தினமும் வந்து ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டுப் போவாராம்.

இணையத்தில் ஆளாளுக்குத் தமிழில் வலைப்பூ எழுதிக்கொண்டிருந்த காலம் அது. பேங்கில் வேலை பார்க்கிறவர், பள்ளிக்கூட வாத்தியார், துபாயில் கணக்கெழுதுகிறவர் என்று எல்லாரும் ராத்திரியில் எழுத்தாளர்களாக இருந்தார்கள். புதிதாக யார் எதை எழுதினாலும் அதையெல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டும் திரட்டி ஒன்றும் இருந்தது. டாக்டர் எதையும் எழுதவில்லை. அவருக்கு வேறு திட்டம் இருந்தது. மதுரையில் ஒரு ஓட்டலில் நடந்த ஒருநாள் வகுப்புக்குப் போயிருக்கிறார். கோட்டுப் போட்ட ஒருவர், 'உங்கள் பெயர்தான் உங்கள் பிராண்டு' என்று நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து டாக்டருக்கு வேறு பேச்சே இல்லை.

"எழுதுறவன் ஒரே எடத்துல இருப்பாம்மா. கமெண்ட் போடுறவன் எல்லா எடத்துலயும் இருப்பான். இன்னக்கி நூறு பேரு நம்ம பேரப் பாப்பான். அதுல ஒருத்தனுக்காச்சும் பல்லு வலிக்காதா?"

கணக்கு சரியாகத்தான் பட்டது. அந்த ஒருத்தன் காரைக்குடியில் இருப்பானா, கனடாவில் இருப்பானா என்று மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டோம்.

காலையில் நான் கல்லல் பஸ்ஸைவிட்டு இறங்கி வருவதற்குள் அவர் திரட்டியைத் திறந்து வைத்திருப்பார். முதலில் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கை கழுவுவார். ஈரக் கை ரெண்டையும் தூக்கிப் பிடித்தபடி என் பின்னால் வந்து நிற்பார். நான் தலைப்பை வாசிப்பேன். அவர் சொல்லச் சொல்ல அடிப்பேன்.

கொடைக்கானல் போய்வந்த கதையை ஒருவர் எழுதியிருப்பார். "அருமையான பதிவு. குளிர்ப் பிரதேசங்களுக்குச் செல்வோர் பல் கூச்சத்தைக் கவனிக்க வேண்டும்." காதலி விட்டுப்போனதைப் பற்றி ஒரு பையன் கவிதை எழுதியிருப்பான். "நெஞ்சைத் தொட்ட வரிகள். மனக்கவலை உள்ளவர்கள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பார்கள். எச்சரிக்கை." கவுனி அரிசி செய்முறைக்கு, "நாவில் நீர் ஊறுகிறது. உண்டபின் வாய் கொப்பளிக்க மறவாதீர்." அரசியல் பதிவு என்றால் மட்டும் பல்லே வராது. "இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது" என்று போடச் சொல்வார். ரெண்டு கட்சிக்காரனுக்கும் பல்லு இருக்கிறதே. எல்லாவற்றுக்கும் கீழே அந்தப் பெயர், பட்டம், பல் மருத்துவர், காரைக்குடி.

"படிச்சுப் பாக்க வேணாமா சார்?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"தலைப்புலதான் எல்லாம் இருக்கேம்மா. உள்ள போயி படிச்சா மத்த பத்து எடத்துக்கு எப்பப் போறது?"

அந்த உலகத்தில் முதல் கமெண்டுக்கு ஒரு தனி மரியாதை. அதற்கு 'வடை' என்று பேர். முதலில் வந்தவர் "வடை எனக்கே" என்று போட்டுவிட்டுப் போவார். டாக்டருக்கு வடையின் மேல் தீராத ஆசை. ஆனால் திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருந்த ஒருவருக்கும் அதே ஆசை இருந்தது. அவரும் இதே வித்தையை எங்கேயோ கற்றிருக்க வேண்டும். 'இதயத்தின் கதவு' என்று எவனாவது கவிதை எழுதினால் போதும், எங்களுக்கு முன்னால் வந்து நிற்பார். அவர் முந்திக்கொண்ட நாட்களில் டாக்டர் மத்தியானம் சரியாகச் சாப்பிட மாட்டார்.

"பூட்டு விக்கிறவனுக்கு இலக்கியத்துல என்னம்மா வேலை?" என்பார்.

பலன் இல்லை என்று சொல்ல முடியாது. டொரண்டோவிலிருந்து ஒரு அம்மா தன் கடைவாய்ப் பல்லைப் படம் எடுத்து அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். தோஹாவில் இருந்த ஒருவர் எந்தப் பற்பசை நல்லது என்று வாரா வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு முழுப் பக்கம் பதில் சொல்வார், நான் அடிப்பேன். எல்லாம் இலவசம். உலகத் தமிழர்களின் வாயெல்லாம் எங்களுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. எங்கள் தெருக்காரன் ஒருத்தனும் மாடி ஏறி வரவில்லை.

ஒருநாள் கீழே பாத்திரக்கடை முதலாளி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல் வலியாம். மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறார்.

"மேலயே டாக்டரு இருக்காகளே, மதுரைக்கு ஏன் போனீக?" என்று கேட்டேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "மேலயா? எந்நேரமும் டைப்படிக்கிற சத்தம் கேக்குது, கம்ப்யூட்டர் சென்டருன்னுல்ல நெனைச்சேன்?"

இதை நான் போய்ச் சொன்னபோது மாமனார் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். டாக்டர் சிரிக்கவில்லை. "உள்ளூர்ல லேட்டாத்தாம்மா தெரியும். பெரிய ஆளுக எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார்.

இதையெல்லாம் வைத்து அவரை விவரமில்லாத டாக்டர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு அருமையான கை. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற ஒரு அக்காவை ஒருநாள் நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஊசியைப் பார்த்ததும் அந்த அக்கா எழுந்து ஓடப் பார்த்தது. டாக்டர் ஊசியை மறைத்து வைத்துக்கொண்டு, மல்லி என்ன விலை, முல்லை எங்கிருந்து வருது, கனகாம்பரத்துக்கு ஏன் வாசனை இல்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அது பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. பேச்சு முடிந்தபோது பல் தட்டில் கிடந்தது. "எப்ப எடுத்தீக?" என்று அது கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. நேரில் ஒரு ஆள் முன்னால் உட்கார்ந்தால் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற மனுசன், திரைக்கு முன்னால் போய் நின்றதும் வேறு ஆளாகிவிடுவார்.

கொஞ்ச நாளில் கம்ப்யூட்டரையே சிகிச்சை அறைக்குள் மாற்றிவிட்டார். ஊசி போட்டால் மரத்துப்போக அஞ்சு நிமிஷம் ஆகும். அந்த அஞ்சு நிமிஷம் வீணாகிறதாம். இப்போது நாற்காலியில் சாய்ந்திருக்கிறவர் லேசாகத் தலையைத் திருப்பினால் திரை தெரியும்.

அந்த ஏற்பாடு நடந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் காலையில் ஒருவர் மாடி ஏறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் விபூதி, கையில் பிள்ளையார்பட்டிக் கோயில் பிரசாதப் பை, வீங்கிய கன்னம்.

"டாக்டர் இருக்காருங்களா? கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வர்றேனுங்க. கோயிலுக்கு வந்த எடத்துல பல்லு தாங்க முடியலீங்க. டாக்டரைப் பத்தி நெறையத் தெரியுமுங்க எனக்கு."

டாக்டர் உள்ளேயிருந்து கிட்டத்தட்ட ஓடி வந்தார். "என்னைப் பத்தியா? எங்க கேள்விப்பட்டீக?"

அவர் அந்த வலியிலும் சிரித்தார். "அப்புறமாச் சொல்றேனுங்க. சொன்னா ஆச்சரியப்படுவீங்க. மொதல்ல இந்தப் பல்லை எடுத்துருங்க."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பாத்தியா, நான் சொன்னேனே என்ற பார்வை. கமெண்டைப் பார்த்து ஒரு ஆள் பஸ் ஏறி வந்துவிட்டார்! அன்றைக்குத்தான் அது முதல் தடவையாக நடந்திருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து, பதமாகப் பேசி, ஊசியைப் போட்டார். "அஞ்சு நிமிஷம் கண்ணை மூடி இருங்க. மரத்துப்போனதும் எடுத்துரலாம்."

சொல்லிவிட்டுத் திரும்பியவர் திரையைப் பார்த்தார். அப்போதுதான் ஒரு பதிவு வந்து விழுந்திருந்தது. கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் எழுதும் வலைப்பூ. ஏகப்பட்ட பேர் படிப்பார்கள். கமெண்ட் இன்னும் ஒன்றுகூட இல்லை.

"ஏம்மா, ஓடியா! பூட்டுக்காரன் வர்றதுக்குள்ள போட்டுரணும். தலைப்பு என்ன?"

"'அம்மாவின் சிரிப்பு' சார்."

"நம்ம சப்ஜெக்டு!" என்று கையைத் தட்டினார். "அடி. அருமையான பதிவு. அம்மாவின் சிரிப்பை விட அழகு உலகில் உண்டா? அந்தச் சிரிப்பைக் காப்பது உங்கள் கடமை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவைப் பல் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்."

பெயர், பட்டம், பல் மருத்துவர், காரைக்குடி. அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். நாற்காலியில் இருந்தவர் கண்ணை மூடவில்லை. தலையைத் திருப்பித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மரத்துப்போன உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது, வார்த்தை வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

டாக்டர் பதறிப்போனார். "இன்னும் வலிக்குதா? நல்லா மரக்கலை போல."

அவர் இல்லையென்று தலையாட்டினார். டாக்டர் இன்னொரு ஊசி போட்டார்.

பல் பிரமாதமாக வந்தது. வேர் முழுசாக, ஒரு பிசிறு இல்லாமல். பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். அவர் மறுபடியும் ஏதோ சொல்லப் பார்க்க, டாக்டர் விரலைத் தூக்கினார். "அரை மணி நேரம் வாயே தெறக்கக் கூடாது. எங்க கேள்விப்பட்டீகன்னு சொல்ல வாறீக, அதானே? பரவாயில்லை, அப்புறம் போன் பண்ணிச் சொல்லுங்க."

அவர் டாக்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு, பிரசாதப் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. டாக்டர் அதற்குள் பூட்டுக்காரர் வந்துவிட்டாரா என்று பார்க்கப் போயிருந்தார். வரவில்லை. வடை எங்களுக்குத்தான்.

ஒரு வாரம் கழித்து அதே வலைப்பூவில் அடுத்த பதிவு வந்தது. தலைப்பு, 'காரைக்குடியில் விட்டுவந்த பல்.' அன்றைக்கு என் பஸ் தாமதம். டாக்டரே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்துவிட்டு, உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"காரைக்குடியில எவனோ ஒரு டாக்டரு அவருக்குப் பல்லுப் புடுங்கியிருக்கான்மா. தினம் கமெண்ட் போடுறவன் நான். ஓசியில விளம்பரம் அவனுக்கு!"

"யாராம் சார்?"

"மொத வரியிலயே பேரு வேணாம்னு எழுதிட்டாரு. நான் விடலை. கேட்டுப்புட்டேன்."

குனிந்து படித்தேன். 'காரைக்குடியில் ஒரு டாக்டர். பெயர் வேண்டாம்' என்று பதிவு ஆரம்பித்தது. கீழே முதல் கமெண்டாக டாக்டருடையது இருந்தது. "பெயரைச் சொல்லத் தயங்குவது ஏன்? நல்லவர் என்றால் பாராட்டலாம். அல்லாதவர் என்றால் மக்கள் எச்சரிக்கையாக இருக்கலாம். அந்த மருத்துவர் யார் என்று வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும்." அதற்குக் கீழே, வழக்கம்போல, அவருடைய பெயர், பட்டம், பல் மருத்துவர், காரைக்குடி.

அதற்கடுத்து திண்டுக்கல் பூட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தார். "அறிந்துகொண்டோம்."

நான் பதிவை முழுசாகப் படித்தேன். அம்மாவின் முதல் திவசம் கழிந்து, அம்மா வேண்டிக்கொண்டிருந்த பிள்ளையாருக்குச் செய்யவேண்டியதைச் செய்ய அவர் வந்திருக்கிறார். கிளம்பும் முன்பே அம்மாவைப் பற்றி எழுதி, அன்றைக்குக் காலையில் தானாக வெளியாகும்படி வைத்துவிட்டு வந்திருக்கிறார். பல் வலி வந்ததும், தன் பதிவுகளுக்குத் தவறாமல் கமெண்ட் போடும் காரைக்குடி நண்பர் ஞாபகம் வந்து, சொல்லாமல் போய் நிற்கலாம் என்று ஆசையாகப் படி ஏறியிருக்கிறார். நாற்காலியில் படுத்தபடி, செத்துப்போன அம்மாவைப் பல் பரிசோதனைக்கு அழைத்து வரச்சொல்லி அந்த நண்பர் அடிக்கச் சொன்னதைக் கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும் எழுதியிருந்தார். திட்டி ஒரு வரி கிடையாது. 'நான் அழுதது வலியால் என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டார். உண்மையிலேயே நல்ல கை. எடுத்ததே தெரியவில்லை' என்று முடித்திருந்தார்.

"என்னம்மா, மொகம் ஒரு மாதிரியாப் போச்சு?"

"சார், இதைப் படிங்க."

"தலைப்பைத்தான் பாத்தேனே."

"தலைப்பு இல்ல சார். உள்ள படிங்க."

படிக்க ஆரம்பித்தார். அவர் ஒரு பதிவை முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். முடித்ததும் அதற்கு முந்தைய பதிவைத் திறந்து, 'அம்மாவின் சிரிப்பு' முழுசையும் படித்தார். அதற்குள் புதுப் பதிவுக்குக் கீழே ஒரே ரகளை. மலேசியாவிலிருந்து மயிலாடுதுறை வரைக்கும் ஆள் ஆளாக வந்து சிரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் பெயரை எல்லாரும் எழுதினார்கள். பட்டத்தோடு, ஊரோடு. மதுரையில் கோட்டுப் போட்டவர் சொன்னதெல்லாம் ஒரே மத்தியானத்தில் பலித்துவிட்டது.

"கமெண்டை அழிச்சிரட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"இனி அழிச்சு?" என்றார்.

மன்னிப்புக் கேட்டு ஒன்று எழுதலாம் என்று உட்கார்ந்தார். நாலைந்து தடவை சொல்லச் சொல்ல அடித்தேன். ஒவ்வொரு தடவையும் முடிக்கிற இடத்தில் வாய் தானாகப் பெயர், பட்டம் என்று போய்விடும், நிறுத்திக்கொள்வார். கடைசியில் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிட்டு, கோயம்புத்தூர்க்காரர் அன்றைக்கு வரவேற்பில் எழுதித் தந்திருந்த போன் நம்பரை என்னிடம் கேட்டார்.

போனை எடுத்து, "காரைக்குடியிலேருந்து பல் டாக்டர் பேசுறேன்" என்றார். அப்புறம், "பல்லு எடுத்த எடத்துல வலி இருக்கா? வீக்கம் வடிஞ்சிருச்சா? வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிக்கிறீகளா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் அவர் பேச ஆரம்பித்தார் போல. டாக்டர் "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஓசைப்படாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

போனை வைத்ததும் டாக்டர் என்னிடம் சொன்னார்: "அவுக அம்மாவுக்கு எம்பத்திரண்டு வயசு வரைக்கும் ஒரு பல்லு விழலையாம்மா. கடைசி மூச்சு வரைக்கும் முப்பத்திரண்டும் இருந்துச்சாம். கரும்பைக் கடிச்சே தின்பாகளாம். அந்தப் பதிவு பூராவும் அதைத்தான் எழுதியிருக்காரு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அத்தனை ஆயிரம் பதிவுகளில், ஒரு பல் டாக்டர் உரிமையோடு வந்து கருத்துச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே பதிவு அதுதான்.

"முப்பத்திரண்டு!" என்றார் மறுபடியும், சாமி பேரைச் சொல்வதுபோல. "நான் கேட்டிருக்கணும்மா. என்ன வச்சுத் தேய்ச்சாக, என்ன சாப்பிட்டாகன்னு. எதிர்ல படுத்திருந்தவருகிட்டக் கேட்டிருக்கலாம்."

அதற்கப்புறம் நடந்ததை அவர் எதிர்பார்க்கவே இல்லை. கதை எப்படியோ ஊருக்குள் வந்துவிட்டது. கீழே பாத்திரக்கடையில், டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில் எல்லாம் அதுதான் பேச்சு. முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். "அழுதவருக்கு இன்னொரு ஊசி போட்ட டாக்டரு நீங்கதானா?" என்று வாசலில் நின்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கும் பல் இருந்தது, அதில் பாதிக்குச் சொத்தை இருந்தது. எடுத்ததே தெரியவில்லை என்று அந்தப் பதிவில் எழுதியிருந்ததும் சேர்ந்துதானே பரவியது. பாத்திரக்கடை முதலாளியே மாடி ஏறி வந்து வாயைத் திறந்தார். கல்லல், நேமத்தான்பட்டி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். மாமனாருக்கு உட்கார இடம் இல்லாமல் போய்விட்டது.

டாக்டருக்கு ஒரு சங்கடம் கடைசி வரைக்கும் தீரவில்லை. இலக்கியம், அரசியல், சமையல் எல்லாம் தெரிந்த சிந்தனையாளர் என்று பேர் எடுக்க நினைத்தவர். கிடைத்தது வேறு பேர். கம்ப்யூட்டரைத் திரும்ப என் மேஜைக்கே கொண்டுவந்து வைத்தார். கமெண்டுக்கு நேரம் இல்லை. திண்டுக்கல் பூட்டுக்காரர் வலையுலகத்தில் தனிக்காட்டு ராஜாவாக இருந்தார். ஆனால் திருந்திவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். என் கல்யாணம் இதற்கெல்லாம் பிறகுதான் நடந்தது. வீடியோ இருக்கிறது.

போன மாதம் என் மாமியாருக்குப் பல் கட்ட வேண்டும் என்று காரைக்குடிக்குக் கூட்டிப் போயிருந்தேன். அதே மாடி. வரவேற்பில் ஒரு பெண் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது. டாக்டருக்கு முடி முழுசாக நரைத்துவிட்டது. போனில் பார்க்கிற மேப்பில் கிளினிக்குக்கு நட்சத்திரம் போடுகிற ஒவ்வொருத்தருக்கும் இன்னும் பத்து வரியில் பதில் எழுதுகிறாராம். அந்தப் பெண் சலித்துக்கொண்டது.

என்னைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமியாருக்கு அளவெடுத்து முடித்ததும், "ஏம்மா, ஒரு நிமிஷம் வந்து அடிச்சுத் தந்துட்டுப் போறியா? இந்தப் புள்ளைக்குத் தமிழ்ல அடிக்க வரமாட்டேங்குது" என்றார்.

திரையில் அதே கொங்கு நாட்டுக்காரரின் வலைப்பூ. இப்போது அங்கே யாரும் போவதில்லை. எல்லாரும் வீடியோவுக்குப் போய்விட்டார்கள். அவரும் எழுதுவதை விட்டுவிட்டார், வருஷத்துக்கு ஒருமுறை அம்மா நினைவு நாளுக்கு மட்டும் ஏதாவது எழுதுகிறார். கமெண்ட் ஒன்றும் இல்லை.

"படிச்சிட்டீகளா சார்?" என்று சும்மா சீண்டினேன்.

"ரெண்டு தடவை" என்றார்.

சொல்லச் சொல்ல அடித்தேன். "ஐயா, அம்மா மழை நாளில் பக்கத்து வீட்டுக் கோழிகளையும் சேர்த்து உள்ளே அடைத்ததை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே இல்லை என்று போன வருஷம் எழுதியிருந்தீர்கள். பேசாமல் இருந்துகொண்டேதான் கோழியைக் காப்பாற்றினாரா? இதைப் படித்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

அவ்வளவுதான். நான் பழக்கத்தில் அவர் பெயரின் முதல் எழுத்தை அடித்தேன்.

"வேணாம்மா. பேரு வேணாம்."

"பேரு போடலைன்னா 'பெயரில்லா'ன்னுதான் சார் வரும்."

"வரட்டும். பேரப் பாத்தா அவருக்குப் பழசெல்லாம் ஞாபகம் வரும். அம்மா நாள்ல அது எதுக்கு?"

"நீங்கதான்னு அவருக்குத் தெரியாதே."

"தெரியாட்டிப் போகுது" என்று சொல்லிவிட்டு, அடுத்த பேஷண்டைப் பார்க்கத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் அந்த ஒரு எழுத்தை அழித்துவிட்டு மவுஸைப் பிடித்தேன். திரைச்சீலை மறுபடியும் விலகியது. கையுறை ஒன்றை மாட்டியும் இன்னொன்றை மாட்டாமலும் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா," என்றார், குரலைத் தாழ்த்தி. "நெசமாவே தெரியாமப் போயிருமா?"